எப்சம் உப்பும் தைல வாசனையும்

சிராங்கூன் சாலை மளிகைக் கடைக்கு ஊதுபத்தி வாங்கப் போனேன். கீழ்த்தட்டில் எப்சம் உப்புப் பொட்டலத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. பின்னால் நின்றவர் வழிவிடச் சொன்ன பிறகுதான் சுயநினைவு வந்தது. ஊதுபத்தியை மறந்துவிட்டு உப்போடு வீடு திரும்பினேன். இப்போது அது சாப்பாட்டு மேசையில் என் எதிரே இருக்கிறது. உனக்கு இந்த நாலு வரி எழுதுவதற்குள் பலமுறை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டு வந்தேன். உட்கார முடியவில்லை.

உனக்கு ஆம்புலன்ஸ் வேலை, எனக்கு மருத்துவமனை மருந்தகம். வேலை முடிந்து மார்சிலிங் வீட்டுக்குப் போனதும் சுடுதண்ணீரில் இந்த உப்பைக் கொட்டி, காலை ஊறவைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்வாய். நான் அலமாரியில் அடுக்கும் ஊசி மருந்தான மக்னீசியம் சல்பேட்டும் உன் வாளியில் கிடப்பதும் அடிப்படையில் ஒன்றுதான் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். அதற்கப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை.

பக்கவாத நோயாளியை ஏற்றிய நாளெல்லாம் உனக்குக் கோபம் வரும். மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அதற்குப் பிறகுதான், அதுவும் சில மணி நேரத்துக்குள். "அதுவரைக்கும் நான் என்னடி குடுக்கிறது? பக்கத்துல உக்காந்து பாட்டு பாடவா?" என்பாய். நோயாளியின் இரண்டு கைகளிலும் உன் விரல்களைக் கொடுத்து அழுத்தச் சொல்வாய். எந்தப் பக்கம் பலம் குறைந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக. பார்த்து முடித்த பிறகும் விரலை எடுக்கமாட்டாய்.

வெளிநாட்டில் ஆம்புலன்ஸிலேயே மக்னீசியம் ஏற்றிப் பார்க்கிறார்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை மூளை செல்களை அது காப்பாற்றக்கூடும் என்று படித்தபோது நீ தரையில் நிற்கவில்லை. கால் ஊறவைக்கிற உப்பு உயிரைக் காப்பாற்றப் போகிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாய். முடிவு வரட்டும் என்ற என்னை மருந்துக்கடை மூஞ்சி என்று திட்டினாய்.

முடிவு வந்தது. ஜாலான் புசார் கோப்பிக் கடையில் வைத்து நான்தான் உன்னிடம் சொன்னேன். மக்னீசியம் கெடுதல் செய்யவில்லை. நல்லதும் செய்யவில்லை. பாதிப் பரோட்டாவைத் தட்டிலேயே விட்டுவிட்டு வெளியே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, "சரி லா. வண்டியிலேயே சீக்கிரமா குடுக்க முடியும்னாவது தெரிஞ்சுச்சுல்ல. நாளைக்கு வேற மருந்து வரும்" என்றாய்.

மருந்து இல்லாததைவிட உனக்குப் பெரிய எதிரி தைலம். கை மரத்துப்போனால் காற்று பிடித்துவிட்டது என்று நம் ஆட்கள் தைலத்தைத் தேய்த்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படியும் சரியாகாமல் போனால்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள். "கதவைத் திறந்ததும் தைல வாசனை வந்துச்சுன்னா, லேட்டுன்னு அர்த்தம்" என்று நீ சொல்வாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைத் தேநீர்க் கடையில் நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே அந்த வாசனை வந்தது. கேட்டேன். காலையில் எழுந்தபோதே கை மரத்திருந்தது, ராத்திரி ஒரு பக்கமாகவே படுத்துவிட்டேன் என்றாய். ஊருக்கெல்லாம் சொன்னவள், உனக்கு வந்தபோது தைலத்தைத் தேய்த்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறி வந்திருக்கிறாய். நான் போனை எடுப்பதற்குள் தேநீர் உன் மடியில் கொட்டியது. வாயின் ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பயந்துதான் தேய்த்திருப்பாய். தைலத்தில் சரியானால் அது வெறும் காற்று என்றாகிவிடும் அல்லவா?

வந்த ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தாய் என்று கேட்டார்கள். முதல் நாள் ராத்திரி போனில் பேசியதைத்தான் என்னால் சொல்ல முடிந்தது. கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது என்று பிறகு மருத்துவர் சொன்னார். வண்டிக்குள்ளேயே எனக்கு அது தெரியும். உனக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது நீ நல்ல கையைத் தூக்கி மருந்துப் பையைக் காட்டினாய். எதைக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. "அந்த உப்பு வேலை செய்யாதுடி. நாமதானே படிச்சோம்" என்றேன். உன் வாயின் ஒரு ஓரம் மட்டும் மேலேறியது. அசையக்கூடிய ஓரம் அது ஒன்றுதான். கடைசி நேரத்திலும் உப்பை வைத்து என்னைக் கிண்டல் செய்தாயா? இல்லை, நிஜமாகவே கேட்டு, நான் இல்லை என்று சொல்லிவிட்டேனா? ஆஸ்பத்திரியில் நீ அதற்குப் பிறகு பேசவே இல்லை; அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாய். இதைக் கேட்க வேறு ஆளும் இல்லை.

தூக்கிய கையை இறக்கி என் விரலைப் பிடித்து அழுத்தினாய். நீ நோயாளிகளிடம் கேட்பாயே, அதேபோல. நான் திருப்பி அழுத்தினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்று நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் தேக்கா கூட்டத்திலும் எம்ஆர்டியிலும் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. மேசைக்கு அடியில் இப்போதும் அப்படித்தான் இருக்கின்றன. அழுத்துகிறேன்டி. உனக்குத் தெரிகிறதா?