உங்கள் சீற்றை இறக்கிய நாள்

அன்பின் இஞ்சாருங்கோ,

கலியாணம் கட்டிய நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காகப் பெயர் சொல்லி எழுத எனக்குக் கை வரவில்லை. நான் சுகம், மகனும் சுகம். எங்கள் டென்மார்க் ஊரான பிராண்டேயில் வழக்கம்போலக் காற்று. நீங்கள் திட்டம் போட்டுவிட்டுப் பாதியில் விட்டுப்போன சைக்கிள் பயணம் நல்லபடியாக நடந்து முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்த சிவா அண்ணைதான் விடாப்பிடியாக நின்றார். அறைகள் எல்லாம் நீங்கள் இருக்கும்போதே பதிந்தவை, ஆஸ்திரியாவில் மலைகளுக்கு நடுவே ஏரிகளைச் சுற்றி ஒரு கிழமை முழுக்கச் சைக்கிள் ஓட வேண்டுமென்று ஆசைப்பட்டதும் நீங்கள்தான், உங்கள் பேரில் எல்லோரும் போவோம் என்றார். எங்கள் சைக்கிள் கூட்டமும் தலையாட்டியது.

செய்தி இஷொயில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு எப்படிப் போனதோ தெரியாது, அன்றைக்கே தொலைபேசி எடுத்தார்.

“முதல் வருச ஆட்டைத் திவசம் இன்னும் முடியேல்லை. அதுக்கிடையிலை உனக்கு உல்லாசப் பயணம் கேக்குதோ?”

எனக்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நாள் கழித்து மச்சாளே திரும்ப எடுத்துத் தானும் வருவதாகச் சொன்னார். என்னைக் காவல் பார்க்கவா, தம்பி பார்க்க ஆசைப்பட்ட மலையைத் தானாவது பார்க்கவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குத்தான் சைக்கிள் ஓடவே தெரியாதே! ரயிலும் மகளின் காரும் இருக்க எனக்கேன் சைக்கிள் என்று இத்தனை வருடமும் டென்மார்க்கில் காலம் தள்ளியவர். அப்படியென்றால் இரட்டைச் சைக்கிளை எடுப்போம், மச்சாள் பின்னுக்கு இருந்து மிதிக்கட்டும் என்றார் சிவா அண்ணை.

நீங்கள் போனபிறகு நான் எங்கள் இரட்டைச் சைக்கிள் நிற்கும் கொட்டிலைத் திறக்கவே இல்லை. முன்சீற்றும் ஹாண்டிலும் பிறேக்கும் உங்களுக்கு, பின்சீற்றும் மிதிக்கிற வேலையும் எனக்கு என்று நாங்கள் ஓடிய சைக்கிள். திவசம் முடிந்ததும் யாருக்காவது கொடுத்துவிடு என்று மகனிடம் சொல்லி வைத்திருந்தேன். உங்கள் இடத்தில் நான் ஏறினால், நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று நானே கையெழுத்து வைத்ததாகிவிடும் என்று எனக்குப் பயம். பைத்தியக்காரப் பயம்தான். ஆனால் பயம்.

ஆஸ்திரியாவில் முதல் இரண்டு நாளும் சிவா அண்ணை முன்னுக்கு, மச்சாள் பின்னுக்கு. நான் என் சொந்தச் சைக்கிளில். எங்கள் ஆட்களுக்கு எதிர்க்காற்றுத்தான் பழக்கம், இறக்கம் பழக்கமில்லை. முதல் இறக்கத்தில் எல்லோரும் பிராண்டே வெளியில் ஓடுவதுபோலக் குனிந்துகொண்டு மிதிமிதியென்று மிதித்தோம். கீழே வந்துதான் சும்மா இருந்திருந்தாலே வந்திருப்போம் என்று விளங்கியது. மச்சாளுக்கு வேறு பிரச்சினை. அங்கே தெருவோரமெல்லாம் சிலுவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார், சைக்கிள் ஆடியது. எந்த ஊரென்றாலும் சாமி சாமிதானே என்பது அவரின் நியாயம்.

மூன்றாம் நாள் விடியவே மழை. மலையும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல். இதற்குப் பிராண்டேயிலேயே நின்றிருக்கலாம் என்று எல்லோரும் புறுபுறுத்தார்கள். சிவா அண்ணைக்கு முழங்கால் வீங்கிவிட்டது. இரட்டைச் சைக்கிளை எங்கள் சாமான் ஏற்றி வரும் வான் வண்டிக்குள் போடுவோம், தானும் மச்சாளும் வானில் வருகிறோம் என்றார். நியாயமான கதைதான். இரண்டு பேர் சைக்கிளைச் சரித்துத் தூக்கவும் தொடங்கிவிட்டார்கள்.

விடுதி வாசலில் நின்ற மச்சாள் குடையை மடக்கினார்.

“என்ரை தம்பியின்ரை சைக்கிள் வானுக்குள்ளை படுத்துக்கொண்டு வரக்கூடாது. மகேஸ், நீ முன்னுக்கு ஏறு.”

தூக்கியவர்கள் சைக்கிளைக் கீழே வைத்தார்கள். உங்களைப் படுக்கவைத்து ஏற்றிக்கொண்டு போன வாகனத்தை அவரும் நானும் கைபிடித்து நின்று பார்த்தவர்கள் அல்லவா.

ஏறிப் பார்த்தேன். கால் நிலத்தில் முட்டவில்லை. சிவா அண்ணைக்கு உங்கள் உயரம், அதனால் அதுவரை சீற்றை ஒருவரும் தொடவில்லை. நீங்கள் இறுக்கி வைத்த இடத்தில் சீற்றுத் தண்டில் ஒரு கோடு விழுந்திருந்தது. சீற்றைத் தளர்த்தும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சிவா அண்ணை என் முகத்தைப் பார்த்தார். நான் கோட்டைப் பார்த்தேன்.

“இறக்குங்கோ, அண்ணை” என்றேன்.

கோடு குழாய்க்குள் போய் மறைந்தது. அழுதேன். மழையில் ஒருவருக்கும் தெரியவில்லை, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

முன்னுக்கு இருந்தால் மழை இப்படி முகத்தில் அடிக்கும் என்று நீங்கள் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை? உங்கள் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று நான் குறை சொன்னபோதெல்லாம் அந்த முதுகுக்குப் பின்னால் காய்ந்த சட்டையோடு இருந்திருக்கிறேன்.

ஏரிக்கு இறங்கும் பாதை வந்தது. நனைந்த பிறேக் பிடிக்கப் பிடிக்கச் சீறியது. கையை எடுக்காதேங்கோ என்று நான் கத்த, மச்சாள் பிள்ளையாரைக் கூப்பிட்டபடி வந்தார். வளைவுக்கு நல்ல தூரம் முன்னரே பிறேக்கைப் பிடித்து மெல்ல மெல்ல இறக்கிவிட்டேன். கீழே சமதரையில் பின்னால் சத்தமே இல்லை. பிள்ளையாரும் இல்லை, மச்சாளும் இல்லை. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவோம். வளைவில் விழுந்துவிட்டாரோ என்று பயந்து, ஹாண்டிலை விடாமல் கத்தினேன்.

“இருக்கிறியளோ, மச்சாள்?”

“ஓம், ஓம். நீ ஓடு.”

அப்போதுதான் உங்கள் ஞாபகம் வந்தது. ஓடும்போது இடைக்கிடை ‘இருக்கிறீரோ?’ என்று கேட்பீர்கள். இல்லை, இறங்கிவிட்டேன் என்று நான் நக்கலடிப்பேன். நீங்கள் பகிடிக்குக் கேட்கிறீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்! உங்களுக்கும் இப்படித்தான் நெஞ்சு பதறியதா?

கடைசிவரை மழை விடவில்லை, மலையும் முகம் காட்டவில்லை. ஏரிக்கரைக் கடையில் காலுறைகளைப் பிழிந்துவிட்டுச் சுடச்சுட சூப் குடித்தோம். நான் சந்தோஷமாக இருந்தேன். திவசத்துக்கு முன்னர் சந்தோஷப்படலாமா என்று மச்சாளைக் கேட்கவில்லை. அவர் எனக்கு முன்னரே சிரித்துக்கொண்டிருந்தார். நாளைக்கும் நீதான் முன்னுக்கு என்று சிவா அண்ணைக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும், சைக்கிளை யாருக்குக் கொடுப்பது என்று மகன் டேனிஷில் கேட்டான். ஒருவருக்கும் இல்லை என்று தமிழில் சொன்னேன். தோளைக் குலுக்கிவிட்டுச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டான்.

அடுத்த மாதம் உங்கள் திவசம். மச்சாள் முன்கூட்டியே வந்து நிற்கப் போகிறார். முடிந்த கையோடு இரண்டு பேரும் ஓடப் போகிறோம், அதற்குப் பிறகும் ஓடுவோம். சீற்றை இனி உயர்த்த மாட்டேன், கோபிக்காதீர்கள். ஆனால் ஒன்று சத்தியம். எங்கே ஓடினாலும் இடைக்கிடை ‘இருக்கிறியளோ?’ என்று கேட்பேன். பதில் சொல்வது மச்சாள்தான், எனக்குத் தெரியும். ஆனால் முகம் தெரியாமல் முன்னுக்கு இருந்து கேட்டால், அவருடைய ‘ஓம்’ அப்படியே உங்கள் ‘ஓம்’ மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் உங்கள் அக்காவின் சாரதியுமான
மகேஸ்