பக்கம் பன்னிரண்டு

தேனியிலிருந்து திரும்பும் பஸ்சில் உன் பாட்டிலை மடியில் வைத்திருந்தேன். பழைய காப்பித்தூள் பாட்டில். மூடியில் உன் கையெழுத்தில் "பக்கம் 12". மூன்று வருடமாக என் மேசை இழுப்பறையில் அசையாமல் இருந்ததில் மேலே தண்ணீர் தெளிந்து, அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் செம்மண் படிந்திருந்தது. அதை அலுங்காமல் கையில் ஏந்திக்கொண்டு இன்று காலை மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வாங்கவில்லை. இதைச் சொல்லிப் புலம்ப எனக்கு வேறு ஆள் கிடையாது. நீயோ பங்குனியிலேயே போய்விட்டாய்.

கட்டடம் எழும் இடங்களுக்கும் ஆலைகளுக்கும் நாம் இருவரும் போட்டுக்கொடுத்த திட்டங்களை உன் சித்தப்பா "மழைக் கணக்கு" என்பார். தோண்டிய மண்ணும் டீசலும் சிமெண்டுக் கழுவலும் மழையோடு ஓடையில் இறங்காமல் இருக்க என்ன செய்வது, எங்கே சணல் சாக்கு அடுக்குவது, எங்கே வண்டல் தங்கக் குழி வெட்டுவது, எந்த மாதங்களில் மண்ணைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். வெளியே போய்ப் பார்ப்பது உன் சோலி. உட்கார்ந்து எழுதுவது என்னுடையது.

அந்த ஏலக்காய்க் கிடங்கின் திட்டத்தையும் நான்தான் எழுதினேன். முதலாளிக்கு மலைக்கு அந்தப் பக்கம், கேரளச் சரிவில் தோட்டம். அங்கே கட்டிய உலர்த்தும் கூடத்துக்கு முன்பே நாம் ஒரு திட்டம் போட்டிருந்தோம். இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் ஓடைக்கு மேலே கிடங்கு கட்ட வந்தபோது நான் அதையே எடுத்து, ஊர் பெயரையும் அளவுகளையும் மாற்றினேன். பன்னிரண்டாம் பக்கத்தை மாற்றவில்லை. "மழைக்காலம்: ஆனி, ஆடி, ஆவணி. இம்மாதங்களில் மண் வேலை கூடாது."

அது அந்தப் பக்கத்து மழை. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும்தான். ஆடியில் இங்கே காற்றுதான் அடிக்கும், மொட்டைமாடித் துணி பறக்கும். போடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் இந்த ஊரில் கடைவீதியில் "மழை எப்படி?" என்று ஒருவர் கேட்டால் மலைக்கு அப்பால் பெய்வதைத்தான் கேட்கிறார். காய் அங்கே விளைகிறது, ஊரின் கண்ணும் அங்கேயே இருக்கிறது. முதலாளி படித்தார், மேலாளர் படித்தார், அலுவலகத்தில் முத்திரை குத்தினார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

புரட்டாசியில் சரிவைப் பிளந்தார்கள். ஐப்பசியில் ஒரு மதியம் கொட்டித் தீர்த்தது. சாக்கு அடுக்கவில்லை, குழி வெட்டவில்லை. திட்டப்படி மழைக்காலம்தான் முடிந்துவிட்டதே. திறந்து கிடந்த மண்ணும் டீசல் பேரல்களும் ஓடையில் இறங்கின. சிலமலைப் பக்கம், ஓடைக்கரையில் இருந்த உன் சித்தப்பா கிணற்றில் மாடு வாய் வைக்கவில்லை. அந்தத் தெருவே குடிக்கிற கிணறு. டிராக்டரில் தொட்டி வைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தை பிறந்த பிறகும் வாளியில் எண்ணெய் மிதந்தது.

அந்த மழைக்கு மறுநாள் நீ நனைந்த புடவையோடு வந்து இந்தப் பாட்டிலை என் மேசையில் வைத்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ கோப்பைப் பிரித்து, பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாட்டில் அடியில் விரித்தாய்.

"நீ எழுதுன பக்கந்தாண்டி இது. குடிச்சுப் பாக்குறியா?"

அதன்பிறகு அதைப் பற்றி நீ பேசவே இல்லை. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தாய்: மழையில் நின்று பார்க்காத இடத்துக்கு இந்த அலுவலகத்திலிருந்து திட்டம் போகக் கூடாது. என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். ஒரே குடைக்குள் இரண்டு பேர் சேற்றில் நிற்போம். நீ ஒரு கைப்பிடி உமியைத் தண்ணீரில் வீசுவாய்; அது போகிற வழியிலேயே நடந்து, எங்கே திரும்புகிறது, எங்கே தேங்குகிறது என்று குச்சி நட்டுக்கொண்டே வருவாய். ஜீப்பு ஓட்டும் அண்ணன் உள்ளிருந்தபடியே சிரிப்பார். "மழ வந்தா ஊரே ஒதுங்குது, ஒங்க ரெண்டு பேருக்கு மட்டும் அப்பத்தான் சோலியே தொடங்குது" என்பார். மதுரை ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், சன்னல் தகரத்தில் கோடை மழை விழும் சத்தம் கேட்டுக் கண் திறந்து, "அங்கயும் பெய்யுதாடி?" என்று கேட்டாய். தெரியவில்லை என்றேன். போன் பண்ணிக் கேள் என்றாய்.

இப்போது அதே முதலாளி, அதே சரிவில், இன்னும் மேலே இரண்டாவது கிடங்கு கட்டுகிறார். போன வாரம் மேலாளர் வந்தார். பழைய திட்டத்தையே தேதி மாற்றிக் கொடுத்தால் போதும் என்றார். மாதங்களை அடித்து ஐப்பசி, கார்த்திகை என்று எழுதினேன். தை வரை மண்ணைத் தொடக் கூடாது என்றேன். கிணற்றைப் பற்றியும் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கார்த்திகைக்குள்ள கூர போடணும்க்கா. வர்ற சரக்க எங்க வைக்கச் சொல்றீங்க?"

கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார்: "தேனியில ஒரு ஆளு போட்டுக் குடுத்துட்டாருக்கா. ஒங்க பழைய பைலையே வச்சு முடிச்சிட்டாரு. ஒங்களுக்கு இனி சிரமமில்ல."

என் பழைய கோப்பு. என் பன்னிரண்டாம் பக்கம். நான் மறுத்தது என் தவற்றைத்தான். அது என்னை விட்டுவிட்டு வேறொருவர் கையெழுத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. சரியாக எழுதிய எத்தனையோ பக்கங்கள் நம் அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. நகலெடுக்க எவனுக்கும் அவை அகப்படவில்லை.

அதனால்தான் இன்று போனேன். அந்தப் பக்கம் நான் எழுதியது, அது தவறு, அதனால் போன முறை ஒரு கிணறு கெட்டது, இந்த முறையும் கெடும் என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினேன். மேசைக்காரர் இரண்டு முறை படித்தார்.

"ஒங்க மேலயே நீங்க புகார் குடுக்குறீங்களாம்மா?"

ஆமாம் என்றேன். புதுக் கோப்பைப் புரட்டினார். மழைக்காலம் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும், இருக்கிறது, எந்த மாதம் என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்றார். அப்போதுதான் பாட்டிலை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடாமல், தன் காகிதங்களை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"பாட்டில எல்லாம் பைல்ல கோக்க முடியாதும்மா."

கடிதத்துக்கு மட்டும் ஒப்புகை முத்திரை குத்திக் கொடுத்தார். நீ இருந்திருந்தால் அங்கேயே மூடியைத் திறந்திருப்பாய். நான் மூடியைத் தொடாமலே பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பஸ்சு ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது. பாதி வழியில் பார்த்தால் பாட்டில் முழுக்கக் கலங்கி, நீ கொண்டுவந்த அன்றைக்கு இருந்த அதே நிறம். மூன்று வருடம் தெளிந்தது கால் மணி நேரத்தில் போனது. பக்கத்து இருக்கை அம்மா எட்டிப் பார்த்து, டீயா என்று கேட்டார். ஓடைத் தண்ணீர் என்றேன். எந்த ஓடை என்றார். சொன்னேன். அவர் போடியில் இறங்கி சிலமலை பஸ்சு மாறுகிறவர்.

"எங்க ஓடையா? இந்த வருசமும் இப்பிடித்தான் வருமா தாயி?"

என் பெயரோ தொழிலோ அவருக்குத் தெரியாது. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாட்டிலை இனி இழுப்பறையில் வைக்கப் போவதில்லை. மேசை மேல்தான் இருக்கிறது, இன்னும் தெளியவில்லை. நாளை சிலமலைக்குப் போய் உன் சித்தப்பாவிடம் என் கடிதத்தின் நகலைக் கொடுக்கப் போகிறேன். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அதையும் கொண்டுபோய் அதே மேசையில் வைப்பேன். மலை உச்சியில் மேகம் கட்டிக்கொண்டிருக்கிறது. கிடங்குச் சரிவில் மண் வெட்டும் எந்திரம் ஏறிவிட்டதாக ஜீப்பு அண்ணன் சொன்னார். முதல் மழை விழுந்ததும் உன் குடையை எடுத்துக்கொண்டு நான் அந்தச் சரிவுக்குப் போகிறேன். பையில் ஒரு பிடி உமியும், கழுவிக் காயவைத்த இன்னொரு பாட்டிலும் இருக்கின்றன. அதன் மூடியில் இன்னும் எதுவும் எழுதவில்லை.