பச்சை முத்திரை

மார்ச் 4
நூடுல்ஸில் உப்பைக் குறைக்கச் சொல்லி உணவுத் துறையிலிருந்து உத்தரவு. எங்கள் கம்பெனியில் நூடுல்ஸுக்கான சூப் பொடி என் பொறுப்பு. "வாங்க உப்பு போலீஸ், உங்களுக்குக் கொண்டாட்டம்தானே?" என்கிறார் டைரக்டர் தோ. கொண்டாட்டம்தான். அப்பா தினமும் மதியம் எங்கள் நூடுல்ஸைத்தான் கிம்ச்சி ஊறுகாயோடு தின்கிறார். மிச்ச சூப்பில் சோற்றைப் போட்டுச் சட்டியையே வழித்துவிடுகிறார். அவருடைய ரத்த அழுத்தத்துக்கு டாக்டர் என்னைத் திட்டுகிறார். பக்கவாதம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 19
யாருக்கும் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறேன். பதிலுக்குக் காளான், கடற்பாசி. ருசி பார்க்கும் குழு கொதிக்கிற சூப்பை உறிஞ்சிவிட்டு, "ஆஹா, குளுகுளுன்னு இருக்கு!" என்றது. எங்கள் ஊரில் சூப்புக்கு அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

ஜூலை 2
புதுப் பொடி கடைகளில். ஒரு புகார்கூட இல்லை. அப்பாவும் வழக்கம்போலச் சட்டியை வழிக்கிறார்.

செப்டம்பர் 9
துறையிலிருந்து திருமதி பியோ வந்தார். கேடயம், கைதட்டல், போட்டோ. இனிப் பாக்கெட்டில் 'உப்பு குறைந்தது' என்று பச்சை முத்திரை குத்த வேண்டுமாம். வேண்டாமே என்றேன். "நல்லது செஞ்சுட்டு ஏங்க ஒளிச்சு வைக்கறீங்க?" என்றார்.

செப்டம்பர் 23
பச்சை முத்திரை கடைக்குப் போனதிலிருந்து போன் ஓயவில்லை. எல்லாருக்கும் சப்பென்று இருக்கிறதாம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, ஆஸ்பத்திரிக் கஞ்சியா?" என்று சோயா சாஸைக் கவிழ்த்தார்.
ஐயோ, இதையேதானேப்பா போன வாரம் வழிச்சு வழிச்சுக் குடிச்சீங்க!
"வியாபாரத்துக்காக அப்பாகிட்டயே பொய் சொல்லாத."

அக்டோபர் 15
விற்பனை படுத்துவிட்டது. உப்பைத் திரும்பப் போடு என்று தோ குதிக்கிறார். அழுகை வந்தது. "உப்பைத் தொடாதீங்க சார், பாக்கெட்டை மாத்துங்க" என்றேன். பச்சை போய்ச் சிவப்பு வருகிறது: 'பழைய சுவை திரும்பியது!' பொய்யா? கோடையில் தின்ற சுவை பழசுதானே. உப்பின் அளவு பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படியே இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

நவம்பர் 11
அமோக விற்பனை. "எங்க நாக்கையா ஏமாத்தப் பாத்தீங்க?" என்று ஒருவர் பாராட்டி எழுதியிருக்கிறார்.
கேடயத்தைத் திருப்பி வாங்க திருமதி பியோ வந்தார். பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினேன். "முன்னாடி வேற போட்டிருக்கே" என்றார். கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3
அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது. எப்படி என்று டாக்டர் கேட்டார்.
"பழைய நூடுல்ஸ் திரும்ப வந்துடுச்சு டாக்டர். அந்தப் பச்சைப் பாக்கெட்டுதான் உடம்பைக் கெடுத்துச்சு" என்றார் அப்பா.
வரும் வழியில் அவருக்கு ஒரு பெட்டி நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.