முப்பது நாள் அட்டை

ஆகஸ்ட் 26, திங்கள்

பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். நாளை ஒஹையோ கிளம்புகிறேன், வேன் வாங்க. பிரேக், ஆக்சிலரேட்டர் இரண்டையும் கையாலேயே இயக்கலாம். சக்கர நாற்காலியோடு ஏறப் பக்கவாட்டில் சாய்தளமும் உண்டு. இங்கே அயோவா முழுக்கத் தேடியும் எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இப்படி ஒன்று கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு என் கணவர் மெர்லுக்கு ஓட்டுநர் தேர்வு. வண்டியை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். தவறவிட்டால் அடுத்த தேதி நவம்பரில்தான். போன அக்டோபரில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து அவருக்குக் கால்கள் இல்லாதது போல. தானியக் கிடங்கில் எடை மேடை வேலை தருகிறார்கள், உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஆனால் அறுவடை தொடங்கும்வரைதான் காத்திருப்பார்கள். ஐந்தரைக்கே நான் பேருந்தை எடுக்கப் போய்விடுவேன், அவரைக் கொண்டுபோய் விட ஆளில்லை. ஆக, வேன் வியாழனுக்குள் வந்தாக வேண்டும். வரும்.

இங்கெல்லாம் வண்டியை விற்பவர் தன் நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்வார். கொழுந்தன் கிளைட் வேறொரு வண்டியின் பழைய பிளேட் ஒன்றை நீட்டினான். "இத மாட்டிக்கிட்டு வந்துருங்க அண்ணி. வழியில எவன் பாக்கப் போறான்?"

"எவனாவது பாத்தா என் லைசென்ஸ் போச்சு. அப்புறம் பள்ளிக்கூடப் புள்ளைங்கள நீயா ஏத்திட்டுப் போவ?"

முணுமுணுத்துக்கொண்டே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாள் முழுக்க பஸ் பயணம். வழியிலேயே இன்ஷூரன்ஸ்காரரிடம் பேசி நாளையிலிருந்து காப்பீடு போட்டாயிற்று. மெர்ல் போனில் கேட்டது ஒன்றுதான்: "டயர் எப்படி இருக்காம்?" பயம் வந்தால் அவர் டயரைப் பற்றித்தான் கேட்பார்.

ஆகஸ்ட் 28, புதன்

வேனை விற்பவர் டோரின், எழுபதைத் தாண்டியவர். கணவர் லாய்ட் பிப்ரவரியில் இறந்துவிட்டார். வேன் அவருக்காக வாங்கியது. ஓட்டிப் பார்த்தேன். காலுக்கும் பெடல் இருக்கிறது, எனக்குக் கவலையில்லை. டயர் நன்றாகவே இருக்கிறது.

பிறகு வேனின் உரிமைப் பத்திரத்தை எடுத்து வைத்தார். "உனக்கு நேரம் மிச்சமாகட்டும்னு நேத்தே கையெழுத்துப் போட்டு வச்சுட்டேன்மா."

விற்பவர் நோட்டரி கண் முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும். போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தேன் — இரண்டு தடவை!

வங்கியில் இருந்த நோட்டரிப் பெண் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். "நான் பாக்காத கையெழுத்துக்கு எப்படிங்க முத்திரை போடுறது?"

"நாந்தான் போட்டேன்னு நானே சொல்றேனே," என்றார் டோரின்.

"போடுறத நான் பாக்கணும்மா. இது இனிமே செல்லாது. பத்திர ஆபீஸ்ல மாத்துப் பத்திரம் வாங்கிட்டு வாங்க."

போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் மூடியிருந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். இந்தக் கிழவிக்குச் சொன்னால் ஏறாதா? கேட்டே விடலாமென்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "அவரு வண்டிய வித்துட்டேன்னு நாலு பேரு பாக்க எழுத எனக்குத் தெம்பு வரல. வீட்ல, அவரு இடத்துக்கு எதுத்தாப்புல உக்காந்து போட்டேன்."

அதற்குப் பிறகு என்னத்தைக் கேட்பது? இரண்டு பேரும் அவருடைய காரிலேயே கொஞ்ச நேரம் அழுதோம். இன்று அவர் வீட்டில்தான் தங்கல். நாளை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். முடியுமா? முடியும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையிலேயே கிளைட். "நான் சொன்ன மாதிரி செஞ்சிருந்தா நேத்தே வந்து எறங்கியிருப்பீங்க." போனை வைத்துவிட்டேன்.

எட்டு மணிக்கு வரிசையில் நாங்கள்தான் முதல். மாற்றுப் பத்திரம் வந்தது. டோரின் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். பின்னால் ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முழுப் பெயரையும் நிதானமாக எழுதி முடித்தார்.

அவருடைய பிளேட்டைக் கழற்றி அவரிடமே கொடுத்தேன். அடுத்த ஜன்னலில் முப்பது நாள் செல்லும் தற்காலிக நம்பர் அட்டை கொடுத்தார்கள். அதைப் பின்னால் மாட்டினேன். சாவியைத் தரும்போது டோரின், "பிரேக்க மெதுவாத் தொடச் சொல்லு. லாய்ட் மொத நாளே என் குப்பைத் தொட்டிய நசுக்கிட்டாரு," என்றார்.

இண்டியானாவில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். பத்திரம், காப்பீடு, அட்டைச் சீட்டு மூன்றையும் வரிசையாக நீட்டினேன். "எல்லாரும் இப்படி வச்சிருந்தா எனக்கு வேலையே இருக்காது, போய்ட்டு வாங்க," என்றார். கிளைட் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இருட்டும் நேரத்துக்கு வீடு. மெர்ல் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைக்கூடப் பார்க்கவில்லை. தானே சாய்தளத்தில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், சாப்பிடக் கூப்பிடும்வரை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தேர்வாளர் முதலில் கேட்டது வண்டியின் தாள்களை. ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம்தான் ஏறினார். நாற்பது நிமிடம் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஒரு தடவ பிரேக்க பலமா அமுக்கிட்டேன்," என்றார் மெர்ல்.

"அத விடுங்க. பாஸா இல்லையா?"

"பாஸுன்னுதான் சொல்றாரு."

செப்டம்பர் 16, திங்கள்

அறுவடை தொடங்கிவிட்டது. எடை மேடையில் மெர்லுக்கு இன்று முதல் நாள். நாலரைக்கு வீடு திரும்பினேன். வாசலில் வேன் இல்லை. ஏறக்குறைய பதினொரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வீட்டை நானே சாவி போட்டுத் திறந்தேன். சாவி எந்தப் பையில் கிடக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.