போகாதவர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்று பதறாதே. போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

டிராகனும் ரத்தக்காட்டேரியும் அடுத்தவர் கதையிலிருந்து வந்த இரவல், நாம் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நம் மிருகங்கள்தான் வேண்டும் என்று உன் மேலாளர் சொன்னதும், நீ படங்களை அனுப்பி அம்மாவிடம் பெயர் கேட்டாய். தெருவில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவள் ஆயிற்றே. டிராகனைப் பார்த்து 'பெருமூச்சி' என்றாள். நீயும் அதன் நெருப்பைப் பிடுங்கிவிட்டு, ஆவி விட்டுக் கூவுகிற சாதுவாக மாற்றிவிட்டாய். ரத்தக்காட்டேரி 'முகந்திருடி' ஆனது. வாசலில் நிற்கும் ராட்சதன் 'போகாதவர்' ஆனார். ஆபீஸில் எல்லாரும் அம்மாவின் மூளையை மெச்சியதாக எழுதியிருந்தாய்.

அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவை உன் படங்களுக்காக யோசித்த பெயர்கள் இல்லையம்மா. நீ கேட்பதற்கு முன்பே இந்த வீட்டில் புழங்குகிறவை. பெருமூச்சி நம் குக்கர். முகந்திருடி குளியலறைக் கண்ணாடி. அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவைத்திருக்கிறாள். வழக்கமான கிண்டல் என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் குக்கரை இறக்கச் சொன்னேன். குக்கர் என்றால் எது என்று கேட்டாள்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரம்மா அவளைக் கடைக்குக் கூப்பிட்டார். அம்மா என்னைக் கைகாட்டி, "போகாதவரும் வந்தாத்தான் வருவேன்" என்றாள். அந்தம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பிறகு தனியாக, "நான் யாரு உனக்கு?" என்று கேட்டேன். அதே பெயரைத்தான் சொன்னாள், ரொம்பப் பிரியமாக.

ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். எங்கே சிக்கியிருக்கிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். இவளுக்குள் நான் எந்த மாடியில் சிக்கிக்கிடக்கிறேன் என்றுதான் தெரியவில்லை. டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருக்கிறேன். தனியாகக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது.

விளையாட்டில் அந்தப் பெயர்களை மாற்றிவிடாதே. அவள் வைத்தவை, அப்படியே இருக்கட்டும். ஆனால் இனிமேல் எந்தப் படத்தையும் அனுப்பிப் பெயர் கேட்காதே. உன் போட்டோவைக் காட்டினால் இன்னும் உன் பெயரைத்தான் சொல்கிறாள். தினமும் காட்டிக் கேட்டுக்கொள்கிறேன். உனக்கும் புதுப்பெயர் வைப்பதற்குள் ஒரு தடவை வந்துவிடு, கண்ணு.

நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
போகாதவர்