பதினொரு நிமிடமும் மூன்று பை இரத்தமும்

நாள் 142 — 07:30
நிலவின் தென்துருவம், முகடு ஆய்வு நிலையம். எழுதுபவர் டாக்டர் பூங்கோதை, இரத்தவியல். காற்றழுத்தம் சரி. தண்ணீர் சரி. உலர் பிளாஸ்மாப் பொட்டலங்கள் நான்கும் கெடவில்லை. இரத்தத்தை உறைய வைக்கும் சத்துகள் இங்கே பொடி வடிவில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் என் வேலை. சிவப்பணுப் பைகள் இரண்டு, குளிர்பெட்டியில்.
நிலையத்தில் இரண்டே பேர். நானும் நாச்சியாரும். அவள் நிலையத் தலைவி. பனிப்பாறை துளைக்கும் பொறியாளர். வயது முப்பத்தாறு.

நாள் 142 — 13:10
இதை அலுவல் பதிவேட்டில் எழுத முடியாது. இங்கே எழுதுகிறேன்.
தலைவி பதவிக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். எட்டு வருடம் மூத்தவள் நான். நேர்முகத்தில் அவள் எல்லோரையும் சிரிக்க வைத்தாளாம். அதைச் சொன்னது என் கணவர் பரிதி. தரை மையத்தில் எங்களோடு பேசும் பொறுப்பு அவருடையது. என்னிடம் பேசும்போது அளவுகளைக் கேட்பார், குறித்துக்கொள்வார், முடித்துவிடுவார். அவளிடம் பேசும்போது சிரிக்கிறார். பூமியிலிருந்து குரல் வந்து சேர ஒன்றேகால் நொடி ஆகும். அவள் ஏதாவது சொன்னதும் அந்தச் சிரிப்பு வருகிறதா என்று நான் கை வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். வந்துவிடுகிறது. தினமும்.

நாள் 143 — 10:20
நாச்சி அரை கிலோமீட்டர் தள்ளி, துளைக்கோபுரத்தில் இருக்கிறாள். பரிதியோடு பேசிக்கொண்டே வேலை செய்கிறாள். அவள் ஊரில் மீன்குழம்புக்கு மாங்காய் போடுவார்களா என்பது பற்றிப் பேச்சு. எனக்குக் கல்யாணமாகிப் பதினேழு வருடம். மாங்காய் பற்றி அவர் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். முழுதாக.

நாள் 143 — 11:38
விபத்து. வரிசையாக எழுதுகிறேன்.
10:35. இணைப்புக்கோள் அடிவானத்தில் மறைந்தது. பூமியோடு தொடர்பு அறுந்தது. இது தினமும் நடப்பது.
10:41. கோபுரத்திலிருந்து துளைக்குழாய் நழுவி நாச்சியின் வலது தொடையிலும் இடுப்பிலும் விழுந்தது. உடை கிழியவில்லை. அதன் வெப்பக்கருவி உடைந்தது. அவள் என்னை அழைத்தாள்.
10:52. அழைப்பு விளக்கு சிவப்பாக மினுங்குவதைத் தற்செயலாகப் பார்த்தேன்.
பதினொரு நிமிடம். சத்தத்தைத் திரும்பக் கூட்டி வைக்க மறந்திருந்தேன்.
இங்கே ஆறில் ஒரு பங்கு எடைதான். தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். தொடையில் இறுக்குப்பட்டை. இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, படுக்கை விரிப்பால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். நாடி 136. பிபி 70. உடல் வெப்பம் 33.8. இரத்தக்கட்டி கரையாமல் காக்கும் ஊசி போட்டாயிற்று. அதை மூன்று மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன்.

நாள் 143 — 11:56
தொடர்பு திரும்பியது. சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்.
"நாச்சி உசிரோட இருக்காளா? கோதை, சொல்லு. இருக்காளா?"
"இருக்கா. மயக்கத்துல இருக்கா."
"நிலவச் சுத்திக்கிட்டு இருக்குற மீட்புக் கலத்த இப்பவே இறக்கச் சொல்றேன். ராத்திரி ஏழே முக்காலுக்கு வந்துடும். அதுவரைக்கும் அவள எப்படியாவது புடிச்சு வை. உன்னால முடியும்."
எப்போது அழைத்தாள், எப்போது போனாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாள் 143 — 12:45
சிவப்பணுப் பை இரண்டும் ஏற்றியாயிற்று. பிளாஸ்மாப் பொடி நான்கும் கரைத்து ஏற்றியாயிற்று. கால்சியம் கொடுத்தேன். சலைன் நிறைய இருக்கிறது. கொடுக்கவில்லை. பிபியைத் தூக்கிக் காட்டும், ஆனால் மிச்சமிருக்கும் இரத்தத்தைத் தண்ணீராக்கிவிடும்.
பெரிய அடி பட்டவர்களுக்கு இதுதான் எமன். இரத்தம் போகப் போக உடம்பு குளிர்கிறது. குளிர்ந்தால் இரத்தம் உறையாது. உறையாவிட்டால் இன்னும் போகும். பிராணவாயு கிடைக்காமல் திசுக்கள் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் உறைதலை மேலும் கெடுக்கும். எங்காவது வெட்ட வேண்டும் இந்த வட்டத்தை.
அவள் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்தேன். பத்து நிமிடத்துக்குள் கட்டியாக வேண்டும். இருபது நிமிடம் ஆயிற்று. சாய்த்தால் தண்ணீர்போல் ஓடுகிறது. ஊசி குத்திய இடங்களிலெல்லாம் கசிகிறது.

நாள் 143 — 13:05
நிலையத்தின் நினைவகத்தில் அந்தப் பதினொரு நிமிடமும் பதிவாகியிருக்கிறது. கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.
"அக்கா, குழாய் விழுந்துடுச்சு, கால் மாட்டிக்கிச்சு." பிறகு, "அக்கா, கேக்குதா?" பிறகு மூச்சு மட்டும். பிறகு மெதுவாக, "கோதையக்கா, குளிருதுக்கா. வேலையா இருக்கீங்களா?"
என்னைத் திட்டியிருக்கலாம் அவள்.

நாள் 143 — 13:20
உண்மையை எழுதிவிடுகிறேன். அவள் செத்துப்போவதைக் கற்பனை செய்து பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்கும். நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் அதன் மறுநாளையும் பார்த்தேன். அவள் என்றைக்கும் முப்பத்தாறு வயதில், சிரித்தபடி இருப்பாள். இந்த நிலையத்துக்கு அவள் பெயர் வைப்பார்கள். பரிதி சாப்பிடும்போது பாதியில் நிறுத்தி எங்கேயோ பார்ப்பார். என்ன என்று நான் கேட்க முடியாது. உயிரோடு இருக்கிறவளோடு மல்லுக்கு நிற்கலாம். செத்தவளோடு முடியாது.
சாக விடமாட்டேன்.
அவளுக்கு வேண்டியது புது இரத்தம். சிவப்பணு, தட்டணு, உறையும் சத்து மூன்றும் சூடாக உள்ள முழு இரத்தம். அது இந்த நிலையத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அவள் ஓ பாசிட்டிவ். நானும்.

நாள் 143 — 14:00
முதல் பை, 450 மில்லி. என் இடக்கையிலிருந்து எடுத்து, ஆறுவதற்கு முன் அவள் கையில் ஏற்றினேன். சூடான போர்வை மூன்று. அவள் வெப்பம் 34.6.

நாள் 143 — 15:15
இரண்டாம் பை. என் எடை 52 கிலோ. உடம்பில் மொத்தமே மூன்றரை லிட்டர்தான் இருக்கும். அவளுக்கு மறுத்த சலைனை எனக்கு ஏற்றிக்கொண்டேன். கசிவு குறைந்திருக்கிறது. நிற்கவில்லை. குழாயில் இழை இழையாக ஏதோ தெரிகிறது. ஆனால் சாய்த்தால் உடைகிறது.

நாள் 143 — 16:10
"கோதை, இங்க டாக்டருங்க எல்லாரும் ஒரே குரலா சொல்றாங்க, இதுக்கு மேல எடுக்கக் கூடாது. இது உத்தரவு. கேக்குதா?"
"கேக்குது."
"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டு பேரையும் பாக்க அங்க ஆள் கிடையாது."
"அவளுக்கு இன்னும் உறையலைங்க."
"கோதை, வேணாம்மா."
எத்தனை வருடமாயிற்று, அவர் என்னை அம்மா போட்டுக் கூப்பிட்டு. அதற்காகவே கேட்டிருக்கலாம். ஆனால் அவளுடைய பிபி மறுபடி இறங்குகிறது.

நாள் 143 — 16:50
மூன்றாம் பை. ஓட்டம் மெதுவாகிவிட்டது, கையைப் பிசைந்து பிசைந்துதான் நிரப்பினேன். ஏற்றியாயிற்று. கண் ஓரத்தில் கறுப்பு. உட்கார்ந்தே எழுதுகிறேன்.

நாள் 143 — 17:40
உறைந்தது.
ஒன்பது நிமிடம். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். விழவில்லை. கருஞ்சிவப்பாய், ஜெல்லி மாதிரி, ஒட்டிக்கொண்டு நின்றது. ஊசித்துளைகள் காய்ந்துவிட்டன. பிபி 96. வெப்பம் 35.9. அவள் உதட்டில் நிறம்.
என் நிறம் அது. கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது, அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

நாள் 143 — 18:35
கண் விழித்தாள். தண்ணீர் கேட்டாள். உதட்டை மட்டும் நனைத்தேன். தொடர்பு திறந்திருந்தது. அவள் குரலைக் கேட்டதும் அங்கே யாரோ கை தட்டினார்கள். பரிதி அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை.
மையத்தின் விசாரணைப் பதிவுக்காக நேரங்களைக் கேட்டார்.
"நாச்சி, நீ கூப்பிட்டதும் கோதை எத்தன நிமிஷத்துல பதில் குடுத்தா, ஞாபகம் இருக்கா?"
அவள் என்னைப் பார்த்தாள். நேராக. அவளுக்குத் தெரியும். அந்தக் குளிரில் ஒவ்வொரு நொடியையும் எண்ணியிருக்கிறாள்.
"உடனே பதில் குடுத்துட்டாங்க சார். ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. அக்கா இல்லன்னா நான் இல்ல."

நாள் 143 — 18:44
என் இரத்தம் அவளுக்குள் ஓடுகிறது. அப்படியும் இந்தப் பெருந்தன்மை அவளுக்குத்தான் வாய்க்கிறது. எனக்குப் பிச்சை போடுகிறாள். இதிலும் அவளே உயர்ந்து நிற்பாளா? முடியாது.
பொத்தானை அழுத்தினேன்.
"அவ சொல்றது பொய். பதினொரு நிமிஷம். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசுறது எனக்குப் பொறுக்கல. சத்தத்தக் குறைச்சு வச்சேன். அவ கூப்பிட்டது கேக்கல. எழுதிக்குங்க."
"ஏன்க்கா சொன்னீங்க?" என்றாள் நாச்சி. இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.
பரிதியின் பதில் வந்தது.
"எழுதிட்டேன். நீ முதல்ல படு, கோதை. கால உசத்தி வை. மத்தத நேர்ல பேசிக்கலாம்."
மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் நம்பியிருக்க மாட்டேன்.

நாள் 143 — 19:05
தரையில் படுத்திருக்கிறேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில். பிபி பார்க்கவில்லை, பட்டையைச் சுற்றக் கை ஒத்துழைக்கவில்லை. விரல் நகம் வெள்ளையாக இருக்கிறது. பேனா நழுவுகிறது.
கட்டிலிலிருந்து அவள் கை தொங்கி என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. அவள் கை சூடு. என்னுடையதைவிட.

நாள் 143 — 19:21
என் நாடியை அவள் எண்ணுகிறாள். எண்ணி அவரிடம் சொல்கிறாள். அவர் எழுதிக்கொள்கிறார். "மூச்சு எப்படி இருக்கு நாச்சி?" "மேலோட்டமா இருக்கு சார்." "பேச்சுக் குடு, தூங்க விடாத." மறுபடி அவர்கள் இருவரும்தான் பேசிக்கொள்கிறார்கள். என்னைப் பற்றி.
கலம் வர இன்னும் இருபத்து நாலு நிமிடம்.
நாடி 132 என்கிறாள். இல்லை. கழுத்தில் நான் எண்ணியது 144. பொறியாளருக்கு நாடி பார்க்க என்ன தெரியும். அவர் தப்பாக எழுதிக்கொள்வார். சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. 144. நான் டாக்டர், நான் எண்ணியதுதான் சரி. அவள் எண்ணுவது தப்