வெட்டிய இடத்தில் விழுந்த அடி

4-8-2018, சனி
எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, மகள் தாஹிரா எழுதுகிறாள்.

இன்று மூடிக் கிடக்கும் அரிசி ஆலையில் ஒத்திகை. பன்னிரண்டு பேர் — வயலின், செல்லோ, புல்லாங்குழல், கிளாரினெட். பெரிய டிரம் நான். கல்யாண பேண்டில் நாற்பத்தொரு வருஷம் அடித்த கை. டிரஸ்ட் வைத்து இதை நடத்துகிற ராஜாம்பாள் டீச்சரே இசையையும் எழுதுகிறார். வார்த்தை கிடையாது. சினிமா மெட்டும் இல்லை, கீர்த்தனையும் இல்லை. புதுசு. கள்ளக்குறிச்சிக்கு இது வேண்டும் என்கிறார். டிக்கெட் இல்லை. எங்களுக்கும் டீயும் பன்னும்தான்.

எல்லார் முன்னாலும் தாள். என் முன்னால் சுவர். மூன்று தரம் கேட்டேன். பதிந்துவிட்டது.

18-8-2018
பழக்கடை ஜாபர் எட்டிப் பார்த்தான். "இன்னா பாய், ஒரு மணி நேரமா சுதி சேத்துக்கினே கீறாங்களே, எப்பதான் வாசிப்பாங்க?"
"வாசிச்சி முடிச்சிட்டாங்கடா."

22-9-2018
இன்றும் என் அடி தப்பவில்லை. கிளாரினெட் இருசப்பன் தாளைப் பார்த்தே இரண்டு இடத்தில் தப்பினான்.

20-10-2018
கச்சேரிக்கு எட்டு நாள். கடைசிப் பகுதிக்கு முன்னால் வயலின்கள் அடங்கும். என் டிரம் நான்கு அடி அடிக்கும். அதை டீச்சர் வெட்டிவிட்டார்.

"அங்க எல்லாரும் சும்மா இருக்கப் போறோங்க பாய். அந்த நாலையும் மறந்துடுங்க."

எல்லாரும் பென்சிலால் கோடு போட்டார்கள். இருசப்பன் சிரித்தான். "உங்க மண்டையில எங்க பாய் பென்சில் வெக்கறது?"

கேட்டதை வைத்துக்கொள்ளத் தெரியும். மறப்பது எப்படி?

25-10-2018
தொடையில் தட்டிப் பார்த்தேன். அந்த இடம் வந்தால் கை தானாக எழும்புகிறது. ஆறு தடவை பார்த்தேன். ஆறு தடவையும்.

சொல்லிடலாமா? சொன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க. எழுவத்தாறு வயசுல எனக்கு எவன் இன்னொரு மேடை தரப் போறான்? சொல்லல.

28-10-2018, ஞாயிறு
கல்யாண மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருக்கலாம். நன்றாகத்தான் போனது. வயலின்கள் அடங்கின. கை எழும்பியது — ஒரு அடி விழுந்துவிட்டது. மற்ற மூன்றைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த அடியோடு முடிந்துவிட்டது என்று சனம் கை தட்டியது. ஜாபர்தான் முதலில் எழுந்தான். நாற்காலி இழுக்கும் சத்தம். மீதி இரண்டு நிமிஷம் வயலின் மட்டும், மெதுவாக. யார் காதிலும் விழவில்லை. டீச்சர் மட்டும் கையை நிறுத்தாமல் கடைசி வரை நடத்தினார்.

பிறகு வந்து கேட்டார்: "இப்படி ஆகும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாங்க பாய்?"
"மூணு நாளா தெரியும்மா. சொன்னா எடுத்துடுவீங்கன்னு சொல்லல."
தாள்களை அடுக்கப் போய்விட்டார்.

3-11-2018
சனிக்கிழமை. ஒத்திகைக்குக் கூப்பிட்டு போன் வரவில்லை.

10-11-2018
டீச்சர் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதம் திருக்கோவிலூரில் வாசிக்கிறார்களாம். டிரில் மாஸ்டர் பொன்னுரங்கம் தாள் படிப்பார், டிரம் அவருக்கு. "நீங்க அவசியம் கேக்க வரணும்" என்றார். சரிம்மா என்றேன்.

தாஹிராவுக்குத்தான் தாங்கவில்லை. "அப்ப எங்க அத்தா இத்தினி மாசம் சும்மாவா வந்தாரு?"

விடு, தப்பு என்னுது. அவங்க மேல இல்ல.

9-12-2018, ஞாயிறு
திருக்கோவிலூர் போனேன். கடைசி வரிசை. இத்தனை ஒத்திகைக்குப் போயும் இதை நான் கேட்டதே இல்லை என்று இன்று தெரிந்தது. என் அடி எப்போது வரும் என்று காத்திருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த இடம் வந்தது. வயலின்கள் அடங்கின. பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் இருமக்கூட இல்லை. வெளியே பஸ் ஒன்று திரும்பிப் போனது, அதுவும் கேட்டது. அப்புறம் ஒரே ஒரு வயலின், நூல் மாதிரி, எழுந்து வந்தது.

முடிந்ததும் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படிங்க பாய்?"
"அந்த எடத்துல அடி வேணாம்மா."

தாஹிரா எழுதாமல் என்னையே பார்க்கிறாள். எழுதும்மா.